ஓடுகிறவர்களுக்குப் பரீட்சை நினைவூட்டியவள்

ஓடுகிறவர்களையும் நீந்துகிறவர்களையும் பிடித்து உட்காரவைத்து, "வெள்ளிக்கிழமை உனக்குப் பரீட்சை இருக்கிறது" என்று சொல்வதற்கு ஒரு பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கும் என்பது அந்த வேலை கிடைக்கும்வரை எனக்குத் தெரியாது. மெல்பர்னின் தென்கிழக்கில் ஒரு வளாகத்தில், 2009 முதல் 2013 வரை நான் பார்த்த வேலை அதுதான். விளையாட்டு வீரர்களுக்கான கல்வி ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்தது. மாநிலத்துக்கோ நாட்டுக்கோ ஆடுகிற மாணவர்கள் போட்டிக்குப் போய் வகுப்பைத் தவறவிட்டால், பரீட்சையைத் தள்ளிவைக்கவும் பாடச் சுமையைக் குறைக்கவும் விரிவுரையாளரிடம் பேசவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் கவலையைத் தன் வயிற்றில் கட்டிக்கொள்கிற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். பள்ளிக்கூட கிளார்க், ஆஸ்பத்திரி வரவேற்பாளர், லோன் ஃபாரம் வாங்குகிறவர், எல்லோரும் என் உறவினர்கள். ஆபத்து எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு. இரவில் தூக்கம் போவது நமக்கு.

தெரிந்த ஒரே விளையாட்டு

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் கிரெய்க், ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். கை ஒவ்வொன்றும் என் தொடை பருமன் இருக்கும். "நீங்க என்ன விளையாட்டு ஆடுவீங்க?" என்று கேட்டார். காயல்பட்டினத்தில் பிறந்து, கல்யாணமாகி மெல்பர்னின் மல்கிரேவுக்கு வந்த நான் என்ன ஆடியிருப்பேன்? "கேரம்" என்றேன். அப்படி என்றால் என்ன என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. மேசை மேல் விரலால் சுண்டிக் காட்டினேன். கிரெய்க் சிரிக்கவில்லை.

பிரசவ விடுமுறையில் போன ஒருத்தியின் இடம் என்பதால் வேலை கிடைத்தது. அவள் திரும்பி வரவில்லை. வருடா வருடம் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிற குழுவில் கிரெய்க்கும் ஒருவர் என்று முதல் நாளே சொன்னது பிரெண்டா. மாணவர் அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கிறவர், பக்கத்து அறை. என் கையில் அறைச் சாவியையும் ஒரு டிஷ்யூ பெட்டியையும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சாவியைத் தொலைச்சா வேற தருவாங்க, நஸ்ரீன். டிஷ்யூவைத் தொலைச்சிடாதே. அதுல பாதி உனக்கு."

ஃபாரத்தில் இல்லாத கட்டம்

அந்த 2009-இல் மெல்பர்னில் இந்திய மாணவர்கள் ரயிலிலும் ஸ்டேஷனிலும் அடிவாங்குகிற செய்தி அடிக்கடி வந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து உம்மா தினமும் போன் செய்து, "ஜன்னலைச் சாத்தினியா?" என்று கேட்பார். அந்தச் சமயத்தில்தான் பிரவீனின் பெயர் என் பட்டியலில் சிவப்பாக வந்தது. சேலத்துப் பிள்ளை; எஞ்சினியரிங் இரண்டாம் வருடம்; ஸ்குவாஷில் பல்கலைக்கழகத்துக்கே முதல் ஆள். வியாழக்கிழமை சாயங்கால லேப் வகுப்புக்கு ஐந்து வாரமாக வரவில்லை. அந்தப் பாடத்திலும் தோற்றால் விசாவுக்கே ஆபத்து. கூப்பிட்டு உட்காரவைத்து, சலுகை கேட்பதற்கான ஸ்பெஷல் கன்சிடரேஷன் ஃபாரத்தை நீட்டினேன். நோய், காயம், குடும்பத்தில் மரணம், போட்டி என்று நாலு கட்டம் இருக்கும். பேனாவைப் பிடித்தபடி பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு என்ன தோன்றியதோ, தமிழில் சொன்னேன்: "நானும் டிரெயின்லதான் வர்றேன், தம்பி. டிரைவர் பெட்டிக்குப் பக்கத்துலதான் உட்காருவேன். யாராவது சத்தமா சிரிச்சா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேன்." அவன் பேனாவைக் கீழே வைத்தான். அறையில் கூட இருக்கிற பையனை ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் அடித்ததைப் பார்த்திருக்கிறான். இவன் ஓடிவிட்டான். அந்தக் கால்கள் ஸ்குவாஷ் கால்கள் அல்லவா, யாராலும் பிடிக்க முடியவில்லை. கூட்டாளியை விட்டுவிட்டு ஓடினோம் என்பதை ஊரில் அப்பாவிடமும் சொல்லவில்லை, இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இருட்டிய பிறகு முடிகிற எந்த வகுப்புக்கும் அவனால் போக முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை லேபுக்கு அவனை மாற்றும்படி கேட்டு அவனோடு நானும் போனேன். விரிவுரையாளர் நல்ல மனிதர்தான். ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காரணம்னு எதையுமே டிக் பண்ணலையே, ஏன்?" என்றார். பிரவீன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். "பயம்னு ஒரு கட்டம் இல்ல சார்."

ஒரு கடிதம்

மறுவருடம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதத்தில் கிரெய்க் என் அறைக்கு வந்தார். அவருடைய ஆட்டக்காரன் லியாம், இடைப் பரீட்சையைத் தவறவிட்டிருந்தான். "டீம் பயிற்சி முகாம்ல இருந்தான்னு ஒரு கடிதம் குடு. ரெண்டு வரி போதும்" என்றார். முகாமின் தேதி, இடம் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். என் மேசையில் அவர் நிழல் விழுந்தது. இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, கொடுத்துவிட்டேன். "தேங்க்ஸ் மேட்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பிரெண்டா தன் கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்கு ஒரு ஃபேஸ்புக் படத்தைக் காட்டினார். பரீட்சை நாளன்று லியாம் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில், நண்பனின் பிறந்தநாள் கேக்கோடு நிற்கிறான். அந்தப் படத்தை லியாமின் விரிவுரையாளர் பார்த்தால் என் வேலை அன்றோடு போகும். கிரெய்க்கிடம் போய்க் கேட்கத் தைரியம் இல்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கவும் தைரியம் இல்லை. அந்த செமஸ்டர் முழுக்க அந்த விரிவுரையாளர் எதிரே வந்தால் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினேன். கணவர் ஜாஃபரிடம்கூடச் சொல்லவில்லை. "ஏன் நோன்பு இல்லாத நாள்லயும் சாப்பிட மாட்டேங்கிறே?" என்று கேட்டார், வயிறு சரியில்லை என்றேன்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. லியாம் மறுபரீட்சை எழுதித் தேறினான். என் கான்ட்ராக்டும் நீண்டது. நவம்பரில் ஒரு நாள் ஓடமுடியாதபடி அந்த விரிவுரையாளரிடம் காப்பி வரிசையில் மாட்டிக்கொண்டேன். வயதான அம்மா, வெள்ளை முடி. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மத்தவங்க கடிதம் எல்லாத்தையும் போன் பண்ணிச் சரிபார்ப்பேன். உன் கடிதம்னா அந்த வேலையே எனக்கு இல்ல."

இரண்டிலிருந்து மூன்று வரை

ஊக்கமருந்துச் சோதனையைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது பத்திரிகையில் படித்தது மட்டும். பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்கள் தினமும் ஒரு மணி நேரம் இன்ன இடத்தில் இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். சோதனைக்காரர் சொல்லாமல் வருவார். இல்லையென்றால் ஒரு தவறு. மூன்று தவறு சேர்ந்தால் தடை. ஒரு புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெண் சின்னப் பெட்டியோடு என் அறைக்குள் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, "ஜோஷ் இருக்காரா?" என்றாள். ஜோஷ் சைக்கிள் வீரன். புதன்கிழமைகளில் இரண்டிலிருந்து மூன்று மணிவரை என் அறையில் இருப்பதாக எழுதியிருக்கிறான். செமஸ்டர் தொடக்கத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது உண்மை. ஒரு மாதமாக அவன் வருவதில்லை.

"போன் பண்ணட்டுமா?" என்றேன். "கூடாது" என்றாள். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஏற்கெனவே இரண்டு தவறு சேர்ந்துவிட்டது என்று போன மாதம் ஜோஷ் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அது அப்போது எனக்கும் சிரிப்பாக இருந்தது. இப்போது என் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அவள் கண் அதன்மேல் இருந்தது. எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் மனதுக்குள் ஓதினேன். இரண்டரை. இரண்டே முக்கால். தண்ணீர் வேண்டுமா என்று அவளிடம் மூன்று முறை கேட்டிருப்பேன். பிரெண்டா எட்டிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். இந்தப் பிள்ளை ஏழு வயதிலிருந்து சைக்கிள் மிதிக்கிறான், இன்னும் பத்து நிமிடத்தில் அது முடியப்போகிறது, அவனுக்கே அது தெரியாது என்று நினைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்றுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. ஜோஷ்தான். தலை ஈரம், செருப்பு மாற்றிப் போட்டிருந்தது. அந்தப் பெண்ணை அவன் பார்க்கவே இல்லை. நேரே என்னிடம் வந்து கைகூப்பாத குறையாகச் சொன்னான்: "நாஸ், கோவிச்சுக்காதீங்க, மூணு மணிக்குக் குடுக்க வேண்டிய கட்டுரையை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

திங்கட்கிழமை

டைலன் ஃபுட்டி ஆடுகிறவன். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் என்னிடம் வருவான். கணக்கியல் அவனுக்கு எதிரி. 2012-இல் ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து, "புள்ளியியல் பரீட்சை எந்த ஹால்ல?" என்று கேட்டான். சொன்னேன். எழுதிக்கொண்டு போனான். கால் மணி நேரம் கழித்து வந்து, "புள்ளியியல் பரீட்சை எந்த ஹால்ல?" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் கையில் ஹால் எண் எழுதிய தாள் இருந்தது. மூன்றாவது முறை அதே வாசலில், அதே சிரிப்போடு, அதே கேள்வியோடு நின்றபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "சனிக்கிழமை மேட்ச்ல தலையில அடிபட்டுதா?" என்றேன். "சனிக்கிழமை மேட்ச் இருந்துச்சா?" என்றான்.

கிரெய்க்குக்குப் போன் செய்தேன். "லேசான இடி. எங்க ஆள் பார்த்துட்டான், நல்லாத்தான் இருக்கான். வர்ற சனிக்கிழமை ஃபைனல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு காகிதம் குடுப்பாங்க, அவன் ஆட முடியாது. ஐஸ் வெச்சுட்டுப் படுக்கச் சொல்லு. சரியா, நாஸ்?" என்றார். அது அந்த வருடத்தின் கான்ட்ராக்ட் மாதம். முன்பு எழுதிய அந்த இரண்டு வரி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு பரீட்சைதான் போயிருக்கும். "இல்ல கிரெய்க், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வர நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தொலைவு. பிரெண்டா பின் சீட்டில் அவனோடு உட்கார்ந்துகொண்டார். நான் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். தூங்கக்கூடாது என்று பிரெண்டா அவன் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தார். என் மேசையில் எத்தனை மதியம் அவன் சாண்ட்விச் தின்றிருக்கிறான், என் மகளுக்கு ஈத் பரிசாகப் பந்து வாங்கித் தந்திருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்தேன். அவன் ரொம்ப மரியாதையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "மன்னிக்கணும், நாம இதுக்கு முன்னாடி சந்திச்சிருக்கோமா?"

நடுங்கும் மேசை

தலைக்குள் சின்னக் கசிவு இருந்தது. இன்னொரு இடி பட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. டைலன் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். மூன்றாம் நாள் என்னை "நாஸ்" என்று கூப்பிட்டபோது நான் வராண்டாவுக்குப் போய்ச் சுவரோடு நின்றுகொண்டேன். ஃபைனல் அவன் இல்லாமல் நடந்தது, அணி தோற்றது. அந்த செமஸ்டர் பாடங்களை விலக்கிக்கொண்டான். அரை வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினான். ஃபுட்டி அதன் பிறகு ஆடவில்லை. அதற்காக அவன் என்னைக் கோவித்துக்கொண்ட நாட்களும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

கான்ட்ராக்டை நிறுத்த கிரெய்க்கால் முடியவில்லை; டாக்டரின் அறிக்கை எங்கள் தலைமை அலுவலகம்வரை போயிருந்தது. ஆனால் "இட நெருக்கடி" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னை ஜிம்மை ஒட்டின பழைய சாமான் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கப் பழைய அணிகளின் படங்கள். முதல் நாள் உட்கார்ந்ததும் தரை அதிர்ந்தது, டீ கோப்பை தட்டில் ஆடியது, நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த பிரெண்டா நிதானமாகச் சொன்னார்: "நிலநடுக்கம் இல்ல, உட்காரு. பளுதூக்கறவங்க கீழ போடறாங்க."

டூங்கபியிலிருந்து வந்தவர்

2013-இல் ஒரு காலை, மாணவர் அலுவலகத்திலிருந்து ஒருவரை என்னிடம் அனுப்பினார்கள். "உங்க மொழிபோல இருக்கு, எங்களால சமாளிக்க முடியல" என்றார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்யாத முகம். என் தலைத்துணியைப் பார்த்துத் தயங்கி, "நீங்கள் தமிழோ?" என்றார். ஆமா என்றதும் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். சிட்னியில் டூங்கபியிலிருந்து முதல் ஃபிளைட் பிடித்து வந்திருக்கிறார். பெயர் சிவபாலன், யுத்தத்துக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர். "என்ர மகள் மயூரி இஞ்ச ஃபிசியோ படிக்கிறாள். மூண்டு நாளா போன் எடுக்கிறாள் இல்லை. ஒருநாளும் இப்பிடிச் செய்யாத பிள்ளை. வீட்டுக்காரி சாப்பிடேல்ல. நாங்கள் ஆக்களைத் தேடித் தேடிக் களைச்ச சனம், பிள்ளை. ஒருக்கா சொல்லுங்கோ, அவள் இருக்கிறாளோ?" என்றார்.

மயூரியை எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடைய மாணவிதான். பாக்ஸிங். மாநில அணி முகாமுக்கு மலைப் பக்கம் போயிருந்தாள். அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது, "அப்பா கேட்டா செத்துப்போவார் அக்கா" என்று சொல்லியிருந்தாள். பதினெட்டு தாண்டிய மாணவர் இங்கே படிக்கிறாரா என்பதைக்கூடப் பெற்றோரிடம் சொல்லக்கூடாது என்பது சட்டம். அதைவிடப் பெரிய சிக்கல் சுவரில் இருந்தது. என் தலைக்கு நேர் பின்னால், போன வருட பாக்ஸிங் அணியின் படம். அதில் கையுறையை உயர்த்திக்கொண்டு, பல் கவசத்தோடு சிரிக்கிறவள் மயூரி. அவர் நிமிர்ந்தால் போதும். நான் நாற்காலியை இடமும் வலமுமாக நகர்த்தி, முதுகால் படத்தை மறைக்கப் பார்த்தேன். "அங்கிள், எனக்கு எதுவும் சொல்ல அனுமதி இல்ல. ஆனா நீங்க இங்கயே உட்காருங்க, டீ குடிங்க, ஒரு அரை மணி நேரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி முகாமுக்குப் போன் செய்தேன். "அவளை ஓட்டத்திலிருந்து நிறுத்தி அப்பாவைக் கூப்பிடச் சொல்லுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பளுதூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் டீயைத் தொடவில்லை, போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். இருபது நிமிடம் கழித்துப் போன் அடித்தது. "ஓம்... ஓம் அம்மா... குரூப் அசைன்மென்ரோ? சரி, சரி. சாப்பிட்டியோ? அம்மாவுக்கு எடுத்துக் கதை" என்றார். வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நான் இன்னமும் படத்தை மறைத்துக்கொண்டு கோணலாக உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, முதல் முறையாக என் தலைக்கு மேலே நேராகப் பார்த்தார். "கழுத்து நோகப்போகுது, நேரா இருங்கோ. நான் உள்ள வந்த உடனயே கண்டிட்டன். என்ர பிள்ளைக்குத் திருப்பி அடிக்கத் தெரியும் எண்டு கண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது."

அந்த வருடக் கடைசியில் என் பதவியையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆன்லைன் ஃபாரத்தை வைத்தார்கள்; அதற்கு ஆட்டமும் தெரியாது, பயமும் தெரியாது. எனக்கும் ஆட்டம் தெரியாதுதான், ஆனால் பயத்தில் அந்தக் கட்டடத்தில் இத்தனை வருடம் யாரையும்விட அதிகமாக வியர்த்தது நான்தான்.